வெள்ளத்துக்குப் பின் படர்ந்த பூஞ்சை: காப்பீட்டில் இழப்பீடு உண்டா?

தரைத்தளவாசி (வேளச்சேரி): 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபின் படுக்கையறை அலமாரியின் பின்பலகையிலும் அதை ஒட்டிய சுவரிலும் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்தது. ப்ளைவுட் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. எங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டு பாலிசி. மற்ற சேதங்களுக்குப் பணம் தந்த நிறுவனம், பூஞ்சையை மட்டும் ‘நாள்பட்ட ஓதம்’ என்று சொல்லி மறுத்துவிட்டது. இது முறைதானா?

கணக்குப்பிள்ளை: முறைதான். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பாலிசியில் தீ, புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தல் எனக் காப்புள்ள நிகழ்வுகள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. பூஞ்சை அதில் இல்லை. மழைக்காலத்தில் ஓதம் ஏறாத பழைய வீடு சென்னையில் எத்தனை இருக்கும்? அத்தனைக்கும் பணம் கொடுத்தால் பிரீமியம் எங்கே போய் நிற்கும்? மேலும், சேதம் பெருகாமல் வீட்டை உலர்த்துவது பாலிசிதாரரின் கடமை.

சட்டப்பார்வை: பட்டியலில் பூஞ்சை இல்லைதான், ஐயா, வெள்ளம் இருக்கிறதே! நனைந்த பலகையில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால், சேதத்துக்கு முதன்மைக் காரணம் வெள்ளமா, பழைய கசிவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னின்ன சேதத்துக்குப் பணம் இல்லை என்று சொல்லும் விலக்கு விதி பொருந்தும் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேலேயே விழும். வாசகம் இருபொருள்பட்டால் பாலிசிதாரருக்குச் சாதகமாகவே பொருள்கொள்வது நம் நீதிமன்றங்களின் வழக்கம். உலர்த்தும் கடமையைப் பற்றிச் சொன்னீர்கள். நாட்கணக்கில் மின்சாரமே இல்லாத தெருக்களில் எந்த மின்விசிறியைச் சுழலவிடுவது?

கணக்குப்பிள்ளை: மின்சாரம் குறித்து ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூஞ்சை எங்கிருந்து கிளம்பியது என்பதற்குச் சுவரே சாட்சி. தரையிலிருந்து ஏறி வெள்ளக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றிருந்தால் வாதிடலாம். கூரையோரத்தில் திட்டுத்திட்டாக இருந்தால் அது வேறு கதை.

தரைத்தளவாசி: வெள்ளக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை என்பதும் உண்மை. சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் அலமாரியை நகர்த்திப் பார்க்கவே இல்லை.

சட்டப்பார்வை: நகர்த்திப் பார்க்காததையே முதல் வரியாக வைத்து, புகைப்படங்களுடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை: பலகைக்குக் கிடைக்கலாம், சுவர்ப்பூச்சுக்குக் கிடைக்காது என்பதே இப்போதும் என் கணிப்பு. குளியலறைக் குழாய்களில் கசிவு இல்லை என்று பிளம்பரிடம் எழுதி வாங்கி இணைத்தால், அதையும் மறுபரிசீலனை செய்கிறேன்.