மாடி அறைக்கு கரண்ட் வயர் வழியாக நெட்: அடாப்டரில் நடு விளக்கு எரியவே இல்லை, உதவி தேவை

மாடிவாசி:
வணக்கம். தஞ்சாவூரில் சொந்த வீடு. கீழ்த்தளம் 1994-இல் அப்பா கட்டியது, மாடி 2011-இல் எழுப்பியது. ஃபைபர் முன் ஹாலுக்கு வருகிறது, ரௌட்டரும் அங்கேதான். நான் வேலை பார்ப்பது மாடியில் பின்பக்க அறை. நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்.

100 எம்பிபிஎஸ் திட்டம். ஹாலில் 95 வருகிறது, மாடி அறையில் 4 அல்லது 5. படிக்கட்டில் ஒரு வைஃபை ரிப்பீட்டர் மாட்டிப் பார்த்தேன். 18 வரை ஏறியது. ஆனால் வீடியோ மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறேன் என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர் கொண்டுவந்தார். பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. ஒன்றை ரௌட்டர் பக்கத்தில் செருகி லேன் வயரால் இணைக்க வேண்டும், மற்றதை மாடியில் செருகினால் கரண்ட் வயர் வழியாகவே நெட் வந்துவிடும் என்றார். செருகினேன். இரண்டிலும் பவர் விளக்கு எரிகிறது. வீடு படம் போட்ட நடு விளக்கு மட்டும் எரிவதில்லை. எப்போதாவது ஒரு நொடி சிவப்பாக மின்னிவிட்டு அணைந்துவிடும். இரண்டையும் ஜோடி சேர்க்கும் பேர் (Pair) பட்டனை நான்கு முறை அழுத்தியாயிற்று.

பொருளே பழுதா, இல்லை நம் ஊர் வயரிங்குக்கு இது ஒத்துவராதா? மச்சான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். மாற்ற வேண்டுமென்றால் அதற்குள் கொடுத்தனுப்ப வேண்டும்.

சிங்கைக்காரன்:
பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர் என்ற கனத்த கான்கிரீட் அறையின் சுவரைத் தாண்டி வைஃபை போகவில்லை என்று இதே மாதிரி ஒன்று வாங்கினேன். செருகியதும் வேலை செய்தது, சில வருடங்களாக ஓடுகிறது. ஆனால் எங்களுக்கு வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது ஒரே டிபி பாக்ஸ். 600-ஐ எல்லாம் நம்பாதீர்கள். போவது வருவது எல்லாம் சேர்த்துக் காகிதத்தில் போட்ட கணக்கு அது. அந்த ரகத்தில் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். எனக்கு 60, 70 கிடைக்கிறது. அது போதும்.

டெஸ்டர்:
தம்பி, ஹாலில் அதை எதில் செருகியிருக்கிறீர்கள்? நேராகச் சுவர் பிளக்கிலா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலா?

மாடிவாசி:
டிவி, செட்டாப் பாக்ஸ், ரௌட்டர் எல்லாம் இருக்கும் ஸ்பைக் பஸ்டர் பாக்ஸில்தான் அண்ணா. சுவரில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது.

டெஸ்டர்:
முதல் கோளாறு அதுதான். வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இந்த அடாப்டர் அதே செம்புக் கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தன் சிக்னலை ஏற்றுகிறது. 30 வரை போகும், புது ரகங்களில் 86 வரை. ஸ்பைக் பஸ்டரின் முதல் வேலை திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுப்பது. பலவற்றில் கரண்டோடு வரும் இந்த மாதிரி அதிவேக அலைகளை வடிகட்டும் வடிகட்டியும் இருக்கும். உங்கள் சிக்னலும் அதற்குக் குப்பைதான். வாசலிலேயே விழுங்கிவிடும்.

அடாப்டரைச் சுவரில் நேராகச் செருகுங்கள், பாக்ஸை வேறு பிளக்குக்கு மாற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒரு சோதனை. இரண்டு அடாப்டரையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அங்கே பேசிக்கொண்டால் பொருள் நல்ல பொருள், மச்சானைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வேளச்சேரி ஃபிளாட்:
பேர் பட்டனைப் பற்றி ஒன்று. ஹோம்பிளக் வகை அடாப்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றிலும் பொதுவான ஒரே சாவிதான் (பாஸ்வேர்டு மாதிரி) இருக்கும். அதனால்தான் பட்டனைத் தொடாமலே சிலருக்கு வேலை செய்கிறது. எங்கள் அடுக்ககத்தில் மீட்டரெல்லாம் கீழே ஒரே சுவரில் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் செயலியைத் திறந்தால் எனக்குச் சொந்தமில்லாத மூன்றாவது அடாப்டர் ஒன்று தெரிந்தது! எதிர்வீட்டுக்காரருடையது. ஒன்றில் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்தினால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும். தனி வீடானாலும் செய்துவிடுங்கள்.

மாடிவாசி:
சோதனை செய்துவிட்டேன். ஹாலிலும் அதை ஒட்டிய அறையிலும் மாட்டினால் நடு விளக்கு பச்சை. லேப்டாப்பில் 88. கீழே பின்னறையில் 61. சமையலறையில்கூட 50-க்கு மேல். மாடிக்குக் கொண்டுபோனால் பழைய கதை. மாடியில் ஐந்து பிளக் இருக்கிறது, ஐந்திலும் செருகிப் பார்த்தேன். சிவப்பு மின்னல், அப்புறம் இருட்டு.

டெஸ்டர்:
எதிர்பார்த்ததுதான். மாடிக்குத் தனி மீட்டரா?

மாடிவாசி:
ஆமாம். மாடி கட்டும்போது வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தது, தனி சர்வீஸ் வாங்கினோம். அப்புறம் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அப்படியே வைத்திருக்கிறோம்.

டெஸ்டர்:
அந்த 100 யூனிட்தான் உங்கள் நெட்டை மறிக்கிறது. கீழே இருக்கும் வயரும் மாடியில் இருக்கும் வயரும் வீட்டுக்குள் எங்கேயும் சந்திப்பதில்லை. தெருக் கம்பத்தில் வரும் மூன்று கரண்ட் லைன்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ். கீழ்ச் சர்வீஸ் ஒரு ஃபேஸிலும் மாடிச் சர்வீஸ் இன்னொரு ஃபேஸிலும் இருந்தால், சிக்னல் மெயின் ஸ்விட்ச், மீட்டர் எல்லாம் தாண்டி வெளியே போய், வேறு ஃபேஸுக்குத் தாவி, இன்னொரு மீட்டர் வழியாகத் திரும்ப உள்ளே வர வேண்டும். இரண்டு சர்வீஸின் வயரும் எங்காவது ஒட்டி ஓடினால் கொஞ்சம் கசியும். உங்கள் சிவப்பு மின்னல் அதுதான். ஒரே மீட்டர் வைத்த த்ரீ ஃபேஸ் வீட்டிலும் இதே தொல்லை வரலாம். ஹால் பிளக் ஒரு ஃபேஸிலும் படுக்கையறை பிளக் வேறு ஃபேஸிலும் இருந்தால் பத்தடி தூரம்கூடத் தாண்டாமல் போகலாம்.

ஒன்று செய்யுங்கள். பகலில் கீழ் மெயினை அணைத்துவிட்டு மாடி முழுக்க ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எது அணைகிறது, எது ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சேர்த்துக் கட்டிய வீடுகளில் வயரிங் நாம் நினைக்கிற மாதிரி இருக்காது. மெயினை மட்டும் அணைத்தால் போதும், மீட்டர் பெட்டியைத் திறக்கிற வேலை வேண்டாம்.

சிற்றலை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதே, அதுதான் எங்கள் சிற்றலை வானொலி. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களின் பட்டைகளை அடாப்டர்கள் விட்டுவைக்கும், ஒலிபரப்புப் பட்டைகளை அப்படி விடுவதில்லை. பக்கத்து வீட்டில் இதை மாட்டிய நாளிலிருந்து என் ரேடியோவில் வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான். வாங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

மாடிவாசி:
சிற்றலை சார், எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் விசாரிக்கிறேன்.

மெயினை அணைத்துப் பார்த்துவிட்டேன் டெஸ்டர் அண்ணா. (சீரியல் நேரத்தில் அணைத்துவிட்டு வாங்கிய திட்டு தனிக்கதை.) கீழே எல்லாம் இருட்டு. மாடி ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் படி ஏறியதும் இருக்கும் நடையில் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது! அப்பாவிடம் கேட்டேன். 1994-இல் அது மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுத் தலை. சீரியல் பல்பு போடவும் பந்தல் விளக்குக்கும் அங்கே ஒரு பிளக் பாயிண்ட் வைத்தாராம். மாடி எழுப்பியபோது யாரும் அதைத் தொடவில்லை. பதினைந்து ஆம்பியர் பிளக், கீழ் மீட்டர்.

டெஸ்டர்:
அப்பாவுக்கு ஒரு வணக்கம். மாடியில் கீழ் மீட்டர் பிளக் ஒன்று கிடைத்துவிட்டதே! அதில் செருகுங்கள். மெஷின் ஓடும்போது வேகம் குறைந்தாலும் குறையும்.

அங்கிருந்து அறைக்கு லேன் வயரை மட்டும் கொண்டுபோங்கள். கரண்டை இழுக்க வேண்டாம். கீழ்ச் சர்வீஸிலிருந்து ஒரு லைனை மாடி அறைக்குள் கொண்டுவந்தால், நாளைக்கு எவராவது மாடி மெயினை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார். அப்படி ஷாக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஈபிக்காரர்களும் விடமாட்டார்கள்.

மாடிவாசி:
நடையில் பச்சை விளக்கு! 48 எம்பிபிஎஸ். ஏழு மீட்டர் லேன் வயர் வாங்கி, கதவுக்கு அடியில் விட்டு, அறையில் பழைய ரௌட்டர் ஒன்றை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி வைத்திருக்கிறேன். நேற்று இரண்டு மணி நேர மீட்டிங், ஒரு தடங்கலும் இல்லை. மச்சான் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறினார். எல்லோருக்கும் நன்றி.

மாடிவாசி:
திரும்பவும் நானே. நான்கு நாட்களாகக் காலை எட்டு மணி வாக்கில் இரண்டு மூன்று நிமிடம் நெட் செத்துவிடுகிறது. சில நாள் இரண்டு முறை. எங்கள் தினசரி மீட்டிங் 8 மணிக்கு. வாஷிங் மெஷின் அப்போது ஓடுவதில்லை. ரௌட்டரில் பார்த்தால் ஃபைபர் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. கீழே எல்லோருக்கும் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது.

வேளச்சேரி ஃபிளாட்:
மோட்டார் போடும் நேரமா?

மாடிவாசி:
மோட்டார் ஆறு மணிக்கே போட்டுவிடுவோம். அப்போது ஒன்றும் ஆவதில்லை, இன்று சோதித்தேன்.

சிங்கைக்காரன்:
எட்டு மணிக்கு வீட்டில் என்ன டிபன்?

மாடிவாசி:
இட்லி, சட்னி... ஐயோ. மிக்ஸி!

டெஸ்டர்:
மிக்ஸியேதான். தண்ணி மோட்டார், கிரைண்டர் எல்லாம் இண்டக்ஷன் மோட்டார், அவ்வளவாக இரைச்சல் போடாது. மிக்ஸியில் கார்பன் பிரஷ். ஓடும்போது அடியில் இருக்கும் காற்று ஓட்டை வழியாகப் பாருங்கள், நீலமாகப் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் உங்கள் சிக்னல் இருக்கும் அலைவரிசையில் போய் இறைந்துவிடும். டிரில்லிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் இதே ஜாதி. கொசுறாக, மலிவான எல்இடி பல்பும் போன் சார்ஜரும் நாள் முழுக்கச் சின்ன இரைச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். அடாப்டர் பக்கத்தில் சார்ஜர் செருகாதீர்கள்.

மருந்து உங்களிடமே இருக்கிறது. முதல் நாள் கழற்றச் சொன்னேனே, அந்த ஸ்பைக் பஸ்டர். அதை மிக்ஸிக்குக் கொடுங்கள். உள்ளே உங்கள் சிக்னலை விழுங்கியதே, அதே வடிகட்டி மிக்ஸியின் இரைச்சலை வெளியே விடாமல் தடுக்கும். 750 வாட் மிக்ஸி என்றால் மூன்றேகால் ஆம்பியர்தான், பாக்ஸ் தாங்கும். அதிலேயே இண்டக்ஷன் அடுப்பைச் செருகிவிடாதீர்கள்.

லேன் கட்சி:
இந்த உரையாடல் முழுக்கப் படித்தேன். ஏழு மீட்டர் வயர் இழுத்தவர் இன்னும் பதினைந்து மீட்டர் இழுத்திருந்தால் மிக்ஸி ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது. கேட் 6 வயர் 100 மீட்டர் வரை ஜிகாபிட் கொடுக்கும், சட்னிக்கும் அஞ்சாது. சுவரை உடைக்க மனமில்லாத வாடகை வீட்டுக்கு பவர்லைன் சரி. சொந்த வீட்டில் ஏன்?

மாடிவாசி:
கீழேயிருந்து மாடிக்குச் சுவருக்குள் போகும் கன்சீல்டு பைப் எல்லாவற்றிலும் கரண்ட் வயர்தான் இருக்கிறது. அதோடு சேர்த்து இழுக்கலாமா?

டெஸ்டர்:
கூடாது. ஒரே பைப்பில் 230 வோல்ட்டும் லேனும் போகவே கூடாது. என்றாவது இன்சுலேஷன் உரிந்தால் உங்கள் லேப்டாப்பில் கரண்ட் வரும். கேபிள் டிவி வயர் வந்த பழைய ஓட்டை ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

லேன் கட்சி:
வெளிச்சுவர் வழியாகப் போவதாக இருந்தால் வெளிப்புறத்துக்கென்றே விற்கும் கருப்பு உறை வயரைக் கேளுங்கள். சாதாரண வயர் நம் வெயிலில் சீக்கிரமே மொறுமொறுவென்று உதிரும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். முழுச் செம்பு என்று சொல்லி வாங்குங்கள்.

மாடிவாசி:
ஸ்பைக் பஸ்டர் வழியாக மிக்ஸி ஓட்டிப் பார்த்தோம். 48 என்பது 20-க்கு இறங்குகிறது, அறுபடுவதில்லை. மீட்டிங் தாங்குகிறது. ஆனால் நேற்று மதியம் ஈபி கட். ஹாலில் ரௌட்டர் இன்வெர்ட்டரில் உயிரோடு இருக்கிறது, நடையில் இருக்கும் அடாப்டர் செத்துக் கிடக்கிறது. அந்தப் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லையே. இதை நான் யோசிக்கவே இல்லை.

டெஸ்டர்:
பவர் பிளக்குக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுப்பது அபூர்வம். கொடுத்திருந்தாலும் பேட்டரியில் ஓடும்போது இன்வெர்ட்டரே இரைச்சல் போடும். லேன் கட்சியில் சேர்ந்துவிடுங்கள் தம்பி, எனக்கு வருத்தமில்லை.

மாடிவாசி:
சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானுமாக, பழைய கேபிள் டிவி ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மழைநீர்க் குழாயை ஒட்டி ஏற்றி, ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே கொண்டுவந்தோம். 22 மீட்டர். மாடியில் 94. அறையில் இருக்கும் ரௌட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்க வேண்டும்.

சிங்கைக்காரன்:
அடாப்டர் ஜோடி? மச்சான் கேட்பாரே.

மாடிவாசி:
கீழே பின்னறை டிவிக்கு மாட்டிவிட்டேன். ஒரே மீட்டர், 61 வருகிறது. நேற்று இரவு சீரியலின் முக்கியமான கட்டத்தில் படம் நின்றது. அம்மாவே சமையலறைப் பக்கம் திரும்பி, "யாருடா மிக்ஸி போட்டது?" என்று கேட்டார்.