பதுங்குபழுது: வந்து வந்து போகும் கோளாறுக்கு ஒரு சொல்

நண்பர்களே,

நாம் மொழிபெயர்க்கும் வாகனப் பராமரிப்புக் கையேட்டில், வந்து வந்து போகும் கோளாறைக் குறிக்கும் 'இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்' என்பதற்கு 'இடைவிட்ட பழுது' என்று முடிவு செய்துவிடலாம் என்ற நிலைக்கு நம் பேச்சு வந்துவிட்டது. முடிவாவதற்கு முன் என் மறுப்பைப் பதிந்துவிடுகிறேன். ஓசை குறித்து எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சொல் நடப்பதைத் தவறாகச் சொல்கிறது என்பதுதான் என் குறை. அண்மையில் என் வேலை வண்டியில் பல வாரங்கள் பட்ட பாட்டிலிருந்து இதைச் சொல்கிறேன். கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் சொல்லின் தேவை புரியும்.

வண்டி நீளமான சரக்கு வேன். எஞ்சின் முன்னால், உந்துதல் பின்சக்கரங்களுக்கு. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு சென்டர் பேரிங் அதைத் தாங்கும். குழாய்களும் பம்புகளும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு போகும்போது சில நாட்களில் வண்டியின் தரையிலிருந்து ஒரு நடுக்கம் எழும். கூடவே தாழ்ந்த குரலில் ஓர் உறுமல். சில நாட்களில் ஒன்றுமே இருக்காது. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி சாதுவாக ஓடும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் வேலைச்சீட்டில் 'பழுது காணப்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். அவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது நடுக்கம் வரவே இல்லை.

அதன்பின் ஒரு குறிப்பேடு போட்டேன். நடுக்கம் வந்த நேரத்தை மட்டும் எழுதிப் பயனில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. வராத நேரத்தையும் எழுத வேண்டும். சுமை எவ்வளவு, ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, வேகம், எந்த கியர், ஆக்சிலரேட்டரில் கால் அழுந்தியிருந்ததா, விட்டிருந்ததா, வண்டி திரும்பிக்கொண்டிருந்ததா, இவ்வளவும் இரு பக்கத்திலும் வேண்டும். இரண்டு வாரத்தில் ஏட்டிலிருந்து ஓர் உருவம் எழுந்து வந்தது. சுமை இருக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 60 முதல் 75 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான்கும் கூடிய போதெல்லாம் நடுக்கம் தவறாமல் வந்தது. ஒன்று குறைந்தாலும் வரவில்லை.

இங்கேயே நிறுத்தி 'இடைவிட்ட' என்ற சொல்லைப் பாருங்கள். எதில் இடைவெளி விழுந்தது? வண்டியில் எதுவும் விட்டுவிட்டுக் கெட்டுப்போகவில்லை. என் ஓட்டம்தான் மாறி மாறி அமைந்தது. இதைக் கடைசியில் மறுபடி தொடுகிறேன்.

அடுத்து, நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். இதற்கு மூன்று எளிய சோதனைகள் போதும். முதலில், அதே 70 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சி வேகம் மாறியது, நடுக்கம் மாறவில்லை. ஆகவே மூலம் கியர் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அடுத்து, வெறிச்சோடிய நேரான சாலையில் கிளட்ச்சை மிதித்து வண்டியைத் தானாக உருளவிட்டேன். வேகம் அதுவே, ஆனால் நடுக்கம் அடங்கிவிட்டது. ஆகவே சுழல்வது மட்டும் காரணமில்லை. திருகுவிசை பாயும்போதுதான் அது தலைகாட்டுகிறது. மூன்றாவதாக, இடமும் வலமும் மெல்ல வளைத்துப் பார்த்தேன். எந்த வேறுபாடும் இல்லை. வீல் பேரிங் கெட்டிருந்தால், வளையும்போது சுமை ஒரு பக்கம் சாய்வதால், ஓசை கூடியோ குறைந்தோ இருக்கும்.

கணக்கும் கைகொடுத்தது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்றால், சக்கரம் நொடிக்கு 10 முறை சுழலும். பின் அச்சின் பல் விகிதம் 4 என்று கொண்டால், ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுழலும். சக்கரத்தின் சமனின்மை நொடிக்கு 10 துடிப்பாக இருக்கையில் தெரியும். ஷாஃப்டின் சமனின்மை 40 துடிப்பாக உறுமும். ஷாஃப்ட் வளைந்த நிலையிலும் சுழல உதவும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்டின் கோணம் கெட்டால் சுற்றுக்கு இரண்டு வீதம் 80 துடிப்பு. நான் கேட்ட உறுமல் சக்கரத்தினுடையதாக இருக்க முடியாது. அவ்வளவு மெதுவான துடிப்பு காதுக்கு உறுமலாகக் கேட்காது.

சுற்றுக்கு இரண்டு என்பது ஏன் என்று கேட்கக்கூடும். யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் வளைந்து சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். 10 பாகைக் கோணத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இரு பக்கமும் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 5 பாகையில் 0.4 விழுக்காடுதான். இரண்டு ஜாயின்ட்களும் ஒரே கோணத்தில், பொருந்திய நிலையில் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று அழித்துவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் ஷாஃப்டைக் கழற்றும் முன், அதே பொருத்தத்தில் மறுபடி பூட்டுவதற்காக, இரு துண்டிலும் கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோட்டின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு நிமிட வேலை, பின்னால் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

சுமை ஏறும்போது வில் பட்டைகள் அமுங்கி, வண்டியின் உடலை நோக்கிப் பின் அச்சு உயர்கிறது. ஜாயின்ட்களின் கோணம் மாறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனை எதிர்விசையால் சற்று மேலே தூக்குகிறது. கோணம் இன்னும் மாறுகிறது. சென்டர் பேரிங்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் சூடேறினால் இளகுகிறது. என் குறிப்பேட்டின் நான்கு நிபந்தனைகளில் மூன்று இப்படி ஒரே இடத்தைச் சுட்டின. நான்காவதான வேகம், அந்த இடத்தின் அதிர்வு காதுக்கு எட்டும் எல்லையைக் குறித்தது.

இனி, என்னை உலுக்கிய செய்தி. பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கும்போது அதன் உடலைத்தான் தாங்கித் தூக்குகிறார்கள். சக்கரங்கள் தொங்குகின்றன. அச்சு கீழே இறங்குகிறது. சுமையில்லை, திருகுவிசையில்லை, சூடும் ஆறிவிட்டது. அதாவது, பழுதைத் தேடுவதற்காகச் செய்த ஏற்பாடே பழுதை ஒளித்துவைத்துவிட்டது! நான்காம் முறை, சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்கும்படி வண்டியைக் குழிமேடையில் நிறுத்தச் சொன்னேன். சுமையையும் இறக்கவில்லை. ரப்பர் வளையத்தை நெம்புகோலால் நெம்பியதும், உதடு சேர்த்து மூடிக் கிடந்த ஒரு கிழிசல் வாய் திறந்தது. பின் ஜாயின்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டான கிராஸில் ஒரு மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி. உள்ளே ஊசி உருளைகளுக்கு மசகே இல்லை. கையால் திருகிப் பார்த்தபோது ஆட்டம் இருந்தது. இரண்டையும் மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்த நான்கு நிபந்தனைகளையும் வேண்டுமென்றே கூட்டிவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன்; நடுக்கம் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். அந்தக் கிழிசல் பகலும் இரவும், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கேயே இருந்தது. பழுதுக்கு இடைவெளியே இல்லை. விட்டுவிட்டு வந்தது நடுக்கம், அதாவது அறிகுறி. 'இடைவிட்ட அதிர்வு', 'இடைவிட்ட ஒலி' என்று அறிகுறிக்குச் சொல்லுங்கள், மனமார ஏற்பேன். 'இடைவிட்ட பழுது' என்றால், இப்போது பழுது இல்லை, நாளை வரலாம் என்று பொருள்படுகிறது. 'பழுது காணப்படவில்லை' என்று சீட்டு எழுதிக் கையைத் துடைத்துக்கொள்வதற்கு இந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது. மழையில் வைப்பர் விட்டுவிட்டுத் துடைப்பதற்கும் அதே 'இன்டர்மிட்டன்ட்'தான். அது திட்டமிட்ட இயக்கம். அங்கே 'இடைவிட்ட' பொருந்துகிறது. பழுதுக்குப் பொருந்தவில்லை.

'முறைப்பழுது' என்ற முன்மொழிவும் வந்தது, முறைக்காய்ச்சலை மனத்தில் வைத்து. பழைய வழக்கை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் முறைக்காய்ச்சலுக்கு முறை உண்டு. மலேரியாவில் கிருமியின் வகையைப் பொறுத்து 48 அல்லது 72 மணிக்கு ஒருமுறை காய்ச்சல் எழும். கியரில் ஒரு பல் உடைந்து, சுற்றுக்கு ஒரு தட்டு கேட்கிறதே, அதுதான் முறையாக வருவது. அந்தச் சொல்லை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

'மறைபழுது' நல்ல சொல். ஆனால் வாகனப் பாதுகாப்புப் பொறியியலில் ஓட்டுநருக்கும் தெரியாமல், கண்காணிப்பு அமைப்புக்கும் தெரியாமல் கிடக்கும் பழுதுக்குத் தனிப் பெயர் தேவைப்படுகிறது. அதற்கு 'மறைபழுது' கச்சிதம். நம்முடையது ஓட்டுநருக்குத் தெரிகிறது, சோதிப்பவருக்குத்தான் தெரிவதில்லை.

என் முன்மொழிவு: பதுங்குபழுது.

இது வினைத்தொகை. ஏவுகணை, சுழல்விளக்கு, குடிநீர் போல. வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும். பதுங்கிய பழுது, பதுங்குகின்ற பழுது, பதுங்கும் பழுது என மூன்றும் அதற்குள் அடக்கம். நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கும் என்று சொல்ல வேண்டிய பொருளுக்குக் காலத்தை ஒளித்துவைத்த தொகையைவிடப் பொருத்தமானது எது? இன்னொன்று: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே 'பதுங்குப் பழுது' என்று ஒற்றுப் போட்டு எழுத வேண்டாம், சேர்த்தே எழுதுங்கள்.

'பதுங்குதல் உயிருள்ளவற்றின் செயல்; இயந்திரத்துக்கு எண்ணம் ஏற்றலாமா?' என்ற ஐயம் எழும். எழ வேண்டியதுதான். ஆனால் உலோகம் சோர்வடைகிறது என்று நாம் பாடநூலிலேயே எழுதுகிறோம். உலோகத்துக்குத் தூக்கம் வருவதாக யாரும் எண்ணுவதில்லை. 'பதுங்கு' என்ற சொல் ஒன்றைத் துல்லியமாகச் சொல்கிறது: இருக்கிறது, ஆனால் இப்போதைக்குக் கண்ணில் படவில்லை. அதைக் கேட்பவர் தேடலை நிறுத்த மாட்டார்.

மின்கம்பித் தொடர்பில் ஏற்படும் கோளாறு உண்மையாகவே விட்டுவிட்டு வருவதுதானே என்றும் கேட்கப்பட்டது. இதை நான் நன்றாக யோசித்தேன். அங்கும் அரித்துப்போன முள்ளோ தளர்ந்த பிடியோ எப்போதும் இருக்கிறது. அதிர்வில்தான் தொடர்பு அறுகிறது. ஆகவே அதுவும் பதுங்குபழுதுதான். ஒரே ஒரு முறை வந்து, தடயமே வைக்காமல் போய்விடும் வகை வேறு. கதிர்வீச்சுத் துகள் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுவிடுவது அப்படி. அங்கே மாற்றுவதற்குக் கெட்ட பாகமே இல்லை. அதற்குக் 'கணப்பழுது' என்றும், எப்போதும் வெளிப்பட்டே கிடப்பதற்கு 'நிலைப்பழுது' என்றும் சொன்னால் மூவகையும் தெளிவாகப் பிரியும்.

'டிரைவ்டிரெயின்' பற்றியும் ஒரு சொல். 'ஆற்றல்தொடர்' என்றால் எஞ்சினும் சேரட்டும். எஞ்சினை விடுத்துக் கிளட்ச் முதல் சக்கரம் வரை உள்ளதை 'உந்துதொடர்' என்போம். கியர் டிரெயினைப் பல்லிணைத் தொடர் என்று முன்பே எழுதுகிறோம், அதனோடு ஒத்துப்போகும். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'ஆட்டம்' என்ற பட்டறைச் சொல்லைத் தொடாதீர்கள் என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு. ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறது என்றால் எல்லாருக்கும் புரிகிறது. அதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம்.

பதுங்குபழுதுக்கு ஒரு துணைச்சொல் கட்டாயம் தேவை. எந்த நிபந்தனைகள் கூடினால் அது வெளிப்படுகிறதோ, அவற்றைத் 'தூண்டுநிலை' என்று சொல்ல விரும்புகிறேன். வினைச்சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக இருக்கின்றன: பழுது பதுங்குகிறது, பழுது வெளிப்படுகிறது. இவை இருந்தால் வேலைச்சீட்டின் வாசகமே மாறும். 'பழுது காணப்படவில்லை' என்பதற்கு மாற்றாக, நாம் மொழிபெயர்க்கும் பராமரிப்புக் கையேட்டின் மாதிரிச் சீட்டில் இப்படி எழுத முன்மொழிகிறேன். சொற்களில் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'ஓட்டுநர் சொன்னது: இடைவிட்ட அதிர்வு. பழுது வகை: பதுங்குபழுது, உந்துதொடரில். ஓட்டுநர் தந்த தூண்டுநிலை: சுமையுடன், அரை மணி ஓட்டத்துக்குப் பின், 60–75 கி.மீ. வேகத்தில், முடுக்கும்போது. பட்டறையில் முயன்ற தூண்டுநிலை: சுமையின்றி, 10 நிமிட ஓட்டம். பழுது வெளிப்படவில்லை. இன்னும் முயல வேண்டியது: சுமை, சூடு.'