ஷீஹாலியன்: காலையில் ஏறினோம், இரவில் ஆடினோம்

எடின்பரோவிலிருந்து

ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் பற்றி யாராவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாரம் ஒரு மாலை வகுப்புக்குப் போகிறவள் என்ற முறையில் நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். கில்ட் கட்டிக்கொண்டு வாளுக்கு மேல் தனியாகக் குதிப்பார்களே, அது ஹைலாண்ட் நடனம், வேறு வகை. இது கூட்டாக ஆடுவது. பெரும்பாலும் நான்கு ஜோடி சேர்ந்தால் ஒரு செட். எதிரெதிர் வரிசையில் நின்று, இசை தொடங்கும் முன் ஜோடிக்கு ஒரு வணக்கம். அப்புறம் ஃபிடிலும் அக்கார்டியனும் விடாது. பெரும்பாலும் எட்டு எட்டு பாராக (பார் என்பது இசையின் ஒரு தாள அளவு) நாங்கள் ஆடிக் காட்டும் உருவம் மாறிக்கொண்டே போகும். அடுத்தது என்ன என்று நின்று யோசிக்க வழியில்லை.

போன கோடையில் வகுப்புத் தோழர்களுடன் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதிக்குப் போனோம். காலையில் ஷீஹாலியன் மலை, இரவு அந்தப் பக்கத்து ஊர் மண்டபத்தில் நடனம் என்று திட்டம். மலை 1083 மீட்டர். பிரேஸ் ஆஃப் ஃபாஸ் பக்கமிருந்து ஏறும் பாதை ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கிறது. மேலே போகப் போக வெறும் பாறைக் குவியல், முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

சுற்றிலும் வேறு பெரிய மலை ஒட்டாமல் தனியாக நிற்கிறது. 1774-ல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் பூமியின் அடர்த்தியை அளக்க இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். மலையின் வடக்கிலும் தெற்கிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நட்சத்திரங்களை வைத்து அளந்தார்கள். மலையின் ஈர்ப்பு குண்டைத் துளியூண்டு தன் பக்கம் இழுக்கிறது! அந்தத் துளியிலிருந்துதான் பூமியின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் நாலரை மடங்கு என்று கணக்குப் போட்டார் கணிதர் சார்லஸ் ஹட்டன். இன்றைய கணக்கு ஐந்தரை. அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் மோசமே இல்லை.

இரவு ஆடிய ஆட்டத்தின் பெயரும் ஷீஹாலியன். அமைத்தவர் ஹியூ தர்ஸ்டன். அவர் ஒரு கணிதப் பேராசிரியர், பழங்கால வானியல் பற்றியும் எழுதியவர். மலைக்கு ஏற்ற ஆள்தான். நான்கு ஜோடிகளும் சதுரமாக நிற்கிறோம். நடுவில் வரும் ரீல்தான், அதாவது ஒருவரையொருவர் பின்னிப் பின்னிக் கடக்கும் உருவம்தான், இதன் உயிர். சதுரத்தைக் குறுக்கே கடந்து, ஓரத்தில் வளைந்து, மறுபடி குறுக்கே. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஓட, எதிரில் வருகிறவரின் தோள் மயிரிழையில் உரசாமல் போகும். இப்போது மற்ற நடனங்களிலும் இந்த உருவத்தை எடுத்துக்கொண்டு 'ஷீஹாலியன் ரீல்' என்றே சொல்கிறார்கள்.

மலையை ஆட்டத்தில் பார்க்கலாம் என்று சிலர் உருகுவார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. பரதத்தில் மலை என்றால் கை காட்டிவிடும், இங்கே கைக்கு அந்த வேலையே கிடையாது. பெயரும் மூச்சுவாங்கலும் மட்டும்தான் பொது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெலிங்டனிலிருந்து

அக்கா, எல்லா ஆட்டத்துக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. எங்கள் நியூசிலாந்தில் பேரி ஸ்கெல்டன் அமைத்த 'பெலோரஸ் ஜாக்' ஆடியிருக்கிறீர்களா? பெலோரஸ் ஜாக் என்பது ஒரு டால்ஃபின். 1888 முதல் 1912 வரை ஃபிரெஞ்ச் பாஸ் என்ற குறுகிய நீரிணைப் பக்கம் கப்பல்களோடு சேர்ந்து நீந்தி வந்தது. 1904-ல் அரசு ஆணை போட்டே அதைப் பாதுகாத்தார்கள்.

ஆட்டத்தில் முதல் ஜோடி ஒருவர் பின் ஒருவராக ஒட்டியபடி ரீல் போடுவார்கள். முனையில் திரும்பும்போது பின்னால் இருந்தவர் சட்டென்று முன்னால் வந்துவிடுவார். கப்பலின் மூக்குக்கு முன்னால் டால்ஃபின் பக்கம் மாறுவது அப்படியேதான். படகில் போகும்போது கண்ணால் பார்த்துவிட்டு அந்த வாரமே ஆடினேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். ஆடுகிறவருக்கு இது தெரியாது என்பது உண்மை. ஆடாமல் மண்டபத்தின் மாடியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அபர்டீனிலிருந்து

இரண்டு பேருமே ஸ்ட்ராத்ஸ்பேயை விட்டுவிட்டீர்கள். ரீல் (உருவத்துக்கு மட்டுமல்ல, ஒரு தாளத்துக்கும் அதே பெயர்தான்), ஜிக் என்ற தாளங்கள் இரண்டும் வேகம். இது மெதுவாக நடக்கும் தாளம், ஸ்காட்லாந்துக்கே உரியது. ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்கு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்த ஆற்றங்கரையில் ஒரு சின்ன மண்டபத்தில் ஆடியிருக்கிறேன், பாதத்தை நீட்டி நீட்டி இழுக்கும்போது கெண்டைக்கால் கெஞ்சும். புதிதாக வருகிறவர்கள் ஜிக்கில் ஆரம்பியுங்கள், மெதுவானதுதான் கஷ்டம்.

லண்டனிலிருந்து

எனக்கும் ஆசையாக இருக்கிறது. புடவையில் ஆடலாமா? ஷூ என்ன வாங்க வேண்டும்?

எடின்பரோவிலிருந்து

வெலிங்டன் தம்பி, மாடியில் உட்கார்ந்து பார்க்கிறேன், அப்புறம் சண்டையைத் தொடரலாம்.

லண்டன் தோழிக்கு: புடவை வேண்டாம், கொசுவம் தாங்காது, இங்கே ஓட்டமும் துள்ளலும்தான். சுடிதார் தாராளமாகப் போதும். துப்பட்டாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நான்கு பேர் நடுவில் கைகோத்துச் சுற்றும்போது பக்கத்து ஆளின் கையில் சிக்கிக்கொள்ளும். ஷூ, கயிறு கட்டும் மெல்லிய தோல் வகை, கிலீஸ் என்பார்கள். முதலில் வாங்காதீர்கள். வழுக்காத, மென்மையான அடிப்பாகம் உள்ள எதுவும் ஆரம்பத்துக்குச் சரி.