ஆர்க்கிட் வேர் பிடிக்க கடல்பாசிச் சாறு உதவுமா? மூன்று வேர்தான் மிச்சம்

மாடித்தோட்டம்_தாம்பரம்:

வணக்கம். பொங்கல் சமயத்தில் ஒரு நர்சரியில் 650 ரூபாய் கொடுத்து வெள்ளைப் பூ ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வாங்கினேன். இரண்டரை மாதம் பூ நின்றது, அதுவரை சந்தோஷம். பூ கொட்டியதும் இலைகள் துவண்டு பழைய தோல்பை மாதிரி சுருங்க ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை போல என்று தினமும் ஊற்றினேன், ஊற்ற ஊற்ற இன்னும் துவண்டது. போன ஞாயிறு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் சின்ன பிளாஸ்டிக் கூடை, அதற்குள் சொதசொதவென்று ஒரு பாசி (மாஸ்) உருண்டை, அதைச் சுற்றி வேரெல்லாம் பழுப்பு. விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் நிற்கிறது. அழுகியதை வெட்டியது போக மூன்று வேர் மிச்சம், அதிலும் ஒன்று அரைகுறை.

உரக்கடையில் கேட்டேன். கடல்பாசி ஜெல் ஒரு டப்பா, வைட்டமின் பி1 ஒரு பாட்டில், வேர் பிடிக்கும் பவுடர் ஒன்று எடுத்து வைத்தார், மூன்றும் சேர்த்து செடி விலையைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் சிரிக்கிறார். மாமியார் பஞ்சகவ்யம் ஊற்று என்கிறார், பக்கத்து வீட்டில் இளநீர் என்கிறார்கள். எதை, எவ்வளவு, ஊற வைக்கவா தெளிக்கவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிக்கட்டை (கோவை):

முதலில் ஒன்று. கடல்பாசிச் சாறு நல்ல பொருள்தான், நானே பத்து வருடமாகப் பயன்படுத்துகிறேன், ஆனால் அது சாகிற செடிக்கு குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி கிடையாது. உங்கள் செடி வேர் இல்லாமல் சாகவில்லை, காற்று இல்லாமல்தான் வேர் செத்தது. இது மரத்தில் தொற்றி வளரும் ஜாதி, வேரைச் சுற்றி பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும், மழை பெய்தால் அது சட்டென்று தண்ணீரைக் குடித்துப் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறமாகும். அந்த உறை காய்வதற்கு நேரமே கொடுக்காமல் நடுவில் ஈரப்பாசி பிடித்து வைத்திருந்தது. அந்த உருண்டையை முழுக்கப் பிய்த்து எடுங்கள், கொஞ்சம்கூட விடாதீர்கள்.

அப்புறம் ஓட்டை அதிகமுள்ள சின்ன தொட்டி, மூன்று வேருக்கு நாலு அங்குலத் தொட்டியே அதிகம். அடியில் செங்கல் சில்லு, மேலே கட்டைவிரல் அளவு மரக்கரி, இடையிடையே கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையை மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்துவிட்டுப் போடுங்கள், உப்பு இருக்கும். செடி ஆடாமல் குச்சி வைத்துக் கட்டுங்கள். ஆடுகிற செடியில் புது வேர்நுனி கரியில் உரசி உரசியே கருகிவிடும், இதை யாரும் சொல்வதில்லை.

இப்போது சாறு. இதில் உரச்சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது, கொஞ்சம் பொட்டாஷ் இருக்கும், அவ்வளவுதான். வேலை செய்வது அதிலுள்ள வளர்ச்சி ஊக்கிகள். ஆக்சின் வேரைத் தூண்டும், சைட்டோகைனின் தளிரைத் தூண்டும், எந்தப் பாசி, எப்படிப் பிழிந்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டின் அளவும் மாறும். தென்னாப்பிரிக்காவின் கெல்பேக் என்ற கடல்பாசிச் சாற்றை வேருக்கென்று சொல்வது இதனால்தான், எக்லோனியா மேக்சிமா என்ற பாசியிலிருந்து வருவது, லேபிளிலேயே லிட்டருக்கு ஆக்சின் 11 மில்லிகிராம், சைட்டோகைனின் 0.031 மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல ஜெல்லில் இப்படி ஒன்றும் இருக்காது, கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். 2021 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரி ஊக்கிகளும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன, அதனால் டப்பாவைத் திருப்பி என்ன பாசி, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அளவு: லேபிளில் சொன்னதில் பாதி. திரவமாக இருந்தால் நான் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி போடுவேன், நடும்போது இருபது நிமிடம் வேரை முக்கி எடுப்பேன், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் ஊற்றுவேன். இலை நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பி1 வாங்காதீர்கள். 1930களில் பட்டாணி வேரை வெட்டி சோதனைக் குழாயில் தனியாக வளர்த்தபோது பி1 கொடுத்தால்தான் வளர்ந்தது, அதிலிருந்து கிளம்பிய கதை இது. இலை உள்ள முழுச்செடி தனக்கு வேண்டிய பி1-ஐத் தானே செய்து வேருக்கு அனுப்பிக்கொள்ளும். வேர் பவுடர் குச்சி நட்டு வேர் வரவைக்கத்தான், ஏற்கெனவே இருக்கிற வேர்நுனியில் பட்டால் ஆக்சின் அதிகமாகி நீளாமல் மொட்டையாக நின்றுவிடும்.

வாண்டா_ரசிகை (சிங்கப்பூர்):

கரிக்கட்டை அண்ணா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை, ஒரு அனுபவம் மட்டும். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் எட்டு வாண்டா ஆர்க்கிட் தொங்குகிறது, தொட்டியே கிடையாது, வேர் ஒன்றரை அடிக்குத் தாடி மாதிரி தொங்கும். நல்லதுதானே என்று வாரம் இரண்டு தடவை கடல்பாசிச் சாறு தெளித்தேன், லேபிள் அளவுக்கு இரண்டு மடங்கு. ஒரு மாதத்தில் வேரெல்லாம் வழவழவென்று பச்சைப்பாசி பிடித்து, கையில் பிசுபிசுக்க, எறும்பும் வந்துவிட்டது. புது வேர் ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் கழுவி ஒரு மாதம் சும்மா விட்ட பிறகுதான் நுனிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

இளநீர் விஷயம்: ஆய்வகத்தில் ஆர்க்கிட் விதையைப் புட்டியில் முளைக்க வைக்கும்போது இளநீர் சேர்ப்பது உண்மை. ஆனால் அங்கே கிருமியே கிடையாது. வீட்டில் ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரைக்குப் பூஞ்சைதான் முதலில் பந்திக்கு வரும். அதோடு இளநீரில் இருப்பது சைட்டோகைனின், உங்களுக்கு இப்போது வேண்டியது வேர். நீங்களே குடியுங்கள் அக்கா.

பாம்பன்காரன்:

எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றிப் பேசுவதால் இரண்டு வார்த்தை. மண்டபம் பக்கம் கடலில் மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற கடல்பாசி, ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. பச்சையாக இருக்கும்போதே அரைத்துப் பிழிந்தால் வருவதுதான் சாறு, மிஞ்சும் சக்கை, உணவைக் கெட்டியாக்கும் காரஜீனன் எடுக்கப் போகும். பெண்கள் கடலில் முங்கி எடுத்து வருவது வேறு பாசிகள், மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று. எல்லாவற்றுக்கும் கடையில் கடல்பாசி என்று ஒரே பெயர்.

ராமேஸ்வரம் வந்தவர் ஒருவர் கரையில் ஒதுங்கிய பாசியை ஒரு பை நிறைய அள்ளிப்போய் வீட்டில் ஊறப்போட்டு செடிக்கு ஊற்றினார். செடி உப்பில் வெந்தது, வாசனையில் மேல்மாடிக்காரர் சண்டைக்கு வந்தார். அதைச் செய்யாதீர்கள். வாங்கிய பாட்டிலையும் திறந்தால் நிழலில் வையுங்கள், வீங்கியிருந்தாலோ அழுகிய மீன் வாடை அடித்தாலோ ஆர்க்கிட்டுக்கு வேண்டாம், முருங்கைக்கு ஊற்றிவிடுங்கள். சாதாரணமாகவே கடல் வாடை இருக்கும், அது வேறு, இது வேறு.

மாடித்தோட்டம்_தாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. பி1-ஐயும் பவுடரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். பஞ்சகவ்யம் பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, எங்கள் வீட்டில் போர் தண்ணீர், மீட்டரில் பார்த்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு) 900 காட்டுகிறது.

கரிக்கட்டை (கோவை):

900-ஆ! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அந்தத் தண்ணீரில் எந்தச் சாறு கலந்தாலும் வேர்நுனி கருகத்தான் செய்யும், கரி மேல் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அல்லது ஆர்ஓ குடிநீர். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கும். 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதி.

பஞ்சகவ்யம் காய்கறிக்கு லிட்டருக்கு 30 மில்லி என்று ஊற்றுவோம், நன்றாகவே கேட்கும். ஆர்க்கிட் தொட்டியில் அந்தக் கசடு கரி இடுக்கில் தங்கி ஈ மொய்க்கும், வெட்டுக்காயத்தோடு இருக்கும் வேருக்கு இப்போது வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் ரோஜாவுக்கு ஊற்றச் சொல்லுங்கள், சண்டை வராது. புது வேர் இரண்டு அங்குலம் ஓடும் வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) மாதிரி உரமும் வேண்டாம், அதற்குப் பிறகு லிட்டருக்கு அரை கிராம் போதும்.

மாடித்தோட்டம்_தாம்பரம்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மழைத்தண்ணீர், கரி, நிழல்வலை, சாறு மூன்று தடவை. இலை இன்னும் முழுசாக நிமிரவில்லை. ஆனால் கீழிலை அடியில் தண்டைக் கிழித்துக்கொண்டு மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. வேரா, பூத்தண்டா? பூத்தண்டாக இருந்தால் இந்த நிலைமையில் வெட்டிவிடணும் என்று எங்கேயோ படித்தேன், அதனால் பயம்.

வாண்டா_ரசிகை (சிங்கப்பூர்):

நுனி உருண்டையாக மழமழவென்று இருக்கா, இல்லை ஒரு பக்கம் மடிப்பு விழுந்து குழந்தைக் கையுறை மாதிரி இருக்கா? மடிப்பு இருந்தால் பூத்தண்டு.

மாடித்தோட்டம்_தாம்பரம்:

மடிப்பு இல்லை. உருண்டை. டார்ச் அடித்துப் பார்த்தேன், பளபளவென்று இருக்கிறது.

வாண்டா_ரசிகை (சிங்கப்பூர்):

வேர்தான் அக்கா. விரலால் தொட்டுப் பார்க்காதீங்க, நுனி ஒடிஞ்சிடும்.