பெடல் ஸ்டீலுக்கு இரண்டு ஆம்ப்: சேர்த்து ஓட்டினால் ஹம், மெலிந்த பேஸ். உதவி தேவை

பத்துக்கம்பி:
டபுள் நெக் பெடல் ஸ்டீல் (கிடத்தி வைத்து உலோக பாரால் வாசிக்கும் கித்தார்; ஈ9, சி6 என்று இரு சுருதி அமைப்பில் இரு நெக்), சிங்கிள் காயில் பிக்கப், 17.5 கிலோ ஓம். அதிலிருந்து 500 கிலோ ஓம் பாட் உள்ள சாதாரண வால்யூம் பெடல், பிறகு எதிரொலி தரும் ஸ்டீரியோ டிலே. டிலேயின் இடது அவுட் 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்புக்கும், வலது அவுட் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள ட்யூப் ஆம்புக்கும் போகிறது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டிலும் குறையே இல்லை. சேர்த்து ஓட்டினால் ஹம் (தொடர் உறுமல்) வருகிறது. சி6 நெக்கில் 9, 10 ஆம் கம்பிகள் காகிதம் போல் மெலிந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஆம்புக்கும் ஒரு மைக் வைத்தால், மேடையில் நிறைவாகக் கேட்கும் ஸ்டீல் ஹால் ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. எதிலிருந்து தொடங்குவது?

ஓம்விதி:
ஹம்மிலிருந்து தொடங்குங்கள். அதைச் சரிசெய்ய இடையில் சேர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர் சில சமயம் சிக்னலின் போலாரிட்டியையும் (அலை ஏறி இறங்கும் திசை) புரட்டிவிடும். பேஸை முதலில் சரிசெய்தால் அந்த வேலையை மறுபடி செய்ய நேரும்.

வால்யூம் பெடலைக் குதிகாலால் முழுக்க மூடுங்கள். ஹம் நின்றால் அது பிக்கப் பிடிக்கும் ஹம். கித்தாரின் திசையை மாற்றினால் கூடும், குறையும். மூடிய பிறகும் நிற்காமல், ஒரு ஆம்பின் கேபிளைப் பிடுங்கியதும் நின்றால் அது கிரவுண்ட் லூப். இரண்டு ஆம்புகளும் மின் எர்த்தில் ஒருமுறை இணைந்திருக்கின்றன. டிலேக்குப் போகும் கேபிள் ஷீல்டு வழியாக இன்னொரு முறை. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் உங்களுக்குக் கேட்கிறது.

முதலில் இரண்டு ஆம்புகளையும் டிலேயின் அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் வலது அவுட்டுக்கும் ட்யூப் ஆம்புக்கும் நடுவே 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று. ஷீல்டு இணைப்பை அறுக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் போதும். அதை அடாப்டர், ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைக்காதீர்கள். அது அங்கேயே புது ஹம்மைப் பிடித்துக்கொள்ளும். சிறிய கோர் உள்ளவை சி6-இன் 10 ஆம் கம்பியில், அதாவது சுமார் 65 ஹெர்ட்ஸில், திணறி உருக்குலையும். மெயின் ஆம்பில் போடாமல் இரண்டாவது ஆம்பில் போடச் சொல்வது அதனால்தான்.

ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணத்துக்கும் கழற்றாதீர்கள். ஸ்டீல் வாசிப்பவரின் இடது கையில் உலோக பார், அதன் கீழே எர்த்தோடு சேர்ந்த கம்பிகள், வாய்க்கு எதிரே பாடகர் மைக். எர்த் இல்லாத ஆம்பில் மின்கசிவு வந்தால் அது உடம்பு வழியாகத்தான் இறங்கும். உயிர் போகும் விஷயம் இது.

ஸ்டீல்காதலன்:
பேஸ் மெலிவதற்குக் காரணம் ஒன்றுக்கொன்று எதிர் போலாரிட்டி. ஒரு ஆம்பின் கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. அலைநீளம் அதிகமான தாழ் சுரங்கள்தான் முதலில் அடிபடும்.

ஆம்புகளை ஒட்டி வைத்து ஒரே பக்கம் திருப்புங்கள். டிலே, ரிவெர்ப், ட்ரெமலோ எல்லாம் ஆஃப். ஒரே சத்தத்துக்கு வைத்து 10 ஆம் கம்பியை மீட்டிக் கேளுங்கள். பிறகு இரண்டையும் அணைத்து, ஒரு ஆம்பில் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும் இரு வயர்களையும் இடம் மாற்றி மறுபடி கேளுங்கள். பேஸ் நிரம்பினால் அப்படியே விடுங்கள். இன்னும் மெலிந்தால் பழையபடி மாட்டுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் மாற்றுவது பாதுகாப்பு. ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் தொட்டுப் பார்க்கும் சோதனை இங்கே போதாது. அது ஸ்பீக்கரை மட்டும் காட்டும். ஆம்புக்குள் எத்தனை பெருக்கும் ஸ்டேஜ் சிக்னலைப் புரட்டுகிறது என்று காட்டாது. உதாரணமாக, ஃபெண்டரின் பிளாக்ஃபேஸ் ட்வின் ரிவெர்ப் ஆம்பில் ரிவெர்ப் உள்ள சேனலில் ஒரு ஸ்டேஜ் கூடுதல், அதனால் இரண்டு சேனல்களும் ஒன்றுக்கொன்று எதிர் போலாரிட்டி. உங்கள் ட்யூப் ஆம்பும் அந்த வகை என்றால், வயரைத் தொடாமல் சேனலை மாற்றினாலே வேலை முடியும்.

பத்துக்கம்பி:
ஒரே போர்டு, ஐசொலேட்டர், பிறகு வயர் மாற்றம் என்று அதே வரிசையில் செய்தேன். ஹம் போய்விட்டது. 10 ஆம் கம்பி அடிவயிற்றில் கேட்கிறது, நன்றி. ஹாலில் முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் ஈ9 நெக்கில் 12 ஆம் ஃபிரெட்டுக்கு மேலே சில சுரங்கள் இன்னும் உள்வாங்குகின்றன.

நேரலை ஒலி:
ஒரே நேரடி சிக்னல் இரண்டு ஆம்பிலும் இருக்கும்வரை இது முழுசாகத் தீராது. ஒரு மைக் கிரில்லிலிருந்து 3 செ.மீ., மற்றது 20 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 17 செ.மீ. வித்தியாசம் என்பது அரை மில்லிசெகண்ட். மிக்ஸரில் இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் 1000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும், 3000-இல் இன்னொன்று. ஸ்டீல் உச்சியில் பாடும் இடமே அதுதான். மைக்குகளை ஒரே தூரத்துக்குக் கொண்டுவந்தால் குறையும். டிலேயில் ஸ்டீரியோ கோரஸ் ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள். மோனோவில் அது மங்கி அலையும்.

என் கருத்து: நேரலைக்கு இடது-வலது ஸ்டீரியோவை விட்டுவிட்டு டிரை-வெட் முறைக்குப் போங்கள். 15 அங்குல ஆம்பில் நேரடி ஒலி மட்டும். மற்றதில் டிலேயும் ரிவெர்பும் மட்டும், நேரடி ஒலி துளியும் கூடாது. உங்கள் டிலேயில் டிரை கில் (நேரடி ஒலியை நிறுத்தும்) வசதி ஒரு அவுட்டுக்கு மட்டும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் டிலேக்கு முன்னால், சிக்னலைத் தளரவிடாமல் இரண்டாகப் பிரிக்கும் பஃபர் உள்ள ஸ்ப்ளிட்டர் வேண்டும். வெறும் ஒய் கேபிள் வேண்டாம். பாசிவ் வால்யூம் பெடலுக்குப் பின்னே அதைப் போட்டால் இரண்டு இன்புட்டின் சுமையும் இரண்டு கேபிளின் கெபாசிடன்ஸும் சேர்ந்து மேல் சுரங்களின் பளபளப்பை விழுங்கிவிடும். புது இணைப்பில் ஹம் திரும்பினால் அதே ஐசொலேட்டர் வெட் ஆம்பின் கேபிளில்தான் இருக்க வேண்டும்.

350 மில்லிசெகண்ட், இரண்டு மூன்று ரிப்பீட் என்று தொடங்குங்கள். வெட் ஆம்பில் பேஸைக் குறைத்து, சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். தனியாகக் கவனத்தை இழுக்கும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் இறக்குங்கள். வால்யூம் பெடல் டிலேக்கு முன்னாலேயே இருக்கட்டும். பெடலை மூடினாலும் எதிரொலியின் வால் அறுபடாமல் கரையும்.

மிக்ஸர்காரரிடம் டிரை மைக்கை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், வெட் மைக்கை அதைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே. அவர் வெட்டை மறந்துவிட்டாலும் ஸ்டீலின் சுரம் ஒன்றுகூட ஹாலில் தொலையாது.

ஸ்டீல்காதலன்:
இதில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இதுவரை இரண்டு ஆம்ப் பகிர்ந்த வேலை இனி டிரை ஆம்பின் தலையில். பேஸில் இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை கொடுத்துக்கொண்டிருந்தன, அது இனி கிடையாது. சி6-இல் தாழ்ந்த கார்டு ஒன்றைப் பெடல் முழுக்கத் திறந்து மீட்டிப் பாருங்கள். ஒலி உடைந்தால் இன்புட் கெயினைக் குறைத்து மாஸ்டரை ஏற்றுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் ஆம்பைப் பின்னே சாய்த்து உங்கள் காதுக்கு நேராக வையுங்கள். உட்கார்ந்து வாசிப்பவருக்குத் தரையில் நேராக நிற்கும் ஆம்பின் மேல் சுரங்கள் பாதி முழங்காலில் முட்டி நின்றுவிடுகின்றன.