ஈஸ்டர் முயலுக்கு முட்டை எப்படி வந்தது?

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியை
சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஈஸ்டர் அன்று முயல் முட்டை கொண்டுவரும் என்ற கதையைச் சொன்னேன். "முயல் குட்டிதானே போடும், அதுக்கு எப்படி முட்டை வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. இயோஸ்ட்ரே என்ற வசந்த தேவதை ஒரு பறவையை முயலாக மாற்றினாளாம், அந்த முயல் முட்டையிட்டதாம். அதைக் காட்டி, இது கிறிஸ்தவ வழக்கமே அல்ல என்று முட்டைக்குச் சாயம் பூசுவதையே நிறுத்தச் சொல்கிறார் ஒரு பெற்றோர். அந்தக் கதை உண்மையா?

பதில்: மெழுகுமுட்டை
முட்டையை நிறுத்திவிடாதீர்கள். அதற்குத் தேவதை எதுவும் தேவையில்லை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களே காரணம் சொல்லும். இடைக்கால ஐரோப்பாவில் அந்த 40 நாளும் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை எல்லாம் விலக்கு. கோழி நோன்பு பார்க்காதே! வசந்தத்தில் பகல் நீள நீள முட்டையிடுவதும் கூடும். இப்படி வீடெல்லாம் சேர்ந்துபோன முட்டையை ஈஸ்டர் அன்று ஆசை தீரச் சாப்பிட்டார்கள், பிறருக்கும் கொடுத்தார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், 450 முட்டைக்கு 18 பென்ஸ் என்று ஒரு செலவு இருக்கிறது. சாயமும் தங்க ரேக்கும் ஏற்றி அரண்மனையில் இருந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கியவை அவை. கீழைத் திருச்சபைகளில் முட்டைக்குச் சிவப்புதான் நிறம். அது கிறிஸ்துவின் இரத்தம், ஓடு மூடிய கல்லறை. ஒருவர் முட்டையால் இன்னொருவர் முட்டையைத் தட்டி உடைப்பது உயிர்த்தெழுதல்.

நான் உக்ரைன் முறையில் பிசான்கா முட்டை வரைகிறவள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். நுனியில் குட்டிப் புனல் உள்ள கோலைச் சுடரில் காட்டி, தேன்மெழுகை உருக்கி, வெள்ளை ஓட்டில் கோடு இழுப்போம். மெழுகு மூடிய இடம் வெள்ளையாகவே நிற்கும். பிறகு மஞ்சள் சாயம், மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. முட்டை முழுக்கக் கரிக்கட்டி மாதிரி ஆகிவிடும். சுடருக்குப் பக்கவாட்டில் பிடித்து, உருகும் மெழுகைத் துணியால் துடைத்தால் எல்லா நிறமும் ஒன்றாக வெளியே வரும். 2024இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

சரி, தேவதைக்கு வருகிறேன். 725இல் ஆங்கிலத் துறவி பீட் அவள் பெயரை எழுதினார். பழைய ஆங்கிலேயர் ஒரு மாதத்துக்கு அவள் பெயரை வைத்து விழா எடுத்தார்கள் என்பதோடு சரி, முயலும் இல்லை, முட்டையும் இல்லை. 1835இல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜெர்மானியர் ஜேக்கப் கிரிம் அதை வைத்து ஓஸ்தாரா என்ற ஜெர்மானியத் தேவதையை ஊகித்தார். முயல் அவளுடையதாக இருக்கலாம் என்று 1874இல் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மான் ஓர் ஊகத்தை வைத்தார். அந்த ஊகத்துக்குக் கைகால் முளைத்ததுதான் உங்களுக்கு வந்த கதை.

முட்டையிடும் முயலோ அந்த ஊகங்களுக்கெல்லாம் முந்தியது. 1682இல் ஃபிராங்க் வான் ஃபிராங்கனாவ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஈஸ்டர் முட்டை பற்றி எழுதிய நூலில், இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பக்கத்தில் முயல் முட்டையிட்டுப் புல்லில் ஒளித்துவைப்பதாகப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள் என்கிறார். அளவுக்கு மீறி முட்டை தின்றால் உடம்பு கெடும் என்றும் எச்சரிக்கிறார், மருத்துவர் அல்லவா! 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களோடு முயலும் அமெரிக்கா போனது.

பதில்: பறவைப் பித்தன்
முயல் ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு, நிரூபிக்கப்பட்டதல்ல. ஐரோப்பியக் காட்டு முயல் (ஆங்கிலத்தில் hare) வளை தோண்டாது, புல்வெளியில் லேசான பள்ளத்தில் படுக்கும். ஆள்காட்டிக் குருவியும் அதே மாதிரி வெட்டவெளிப் பள்ளத்தில்தான் முட்டையிடும். முயல் எழுந்து ஓடிய இடத்துக்கருகே முட்டையைப் பார்த்தவர்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கலாம்.

பதில்: ஞாயிறு பள்ளி ஆசிரியை
நன்றி. அப்படியானால் ஈஸ்டர் ஆட்டுக்குட்டி எங்கிருந்து வந்தது?

பதில்: மெழுகுமுட்டை
அது ஒன்றுதான் நேராக வேதாகமத்திலிருந்து வருவது. யாத்திராகமம் 12இல் யூதர்களின் பஸ்கா பண்டிகை ஆட்டுக்குட்டி, யோவான் 1:29இல் இயேசுவைச் சொல்லும் தேவ ஆட்டுக்குட்டி. முயல் ஊருக்கு ஊர் மாறும். பிரான்சில் முட்டை கொண்டுவருவது ரோமுக்குப் போய்த் திரும்பும் ஆலய மணிகள். முயலால் பயிரும் காடும் பாழான ஆஸ்திரேலியாவில், அழியும் ஆபத்தில் உள்ள பில்பி என்ற நீள்காதுச் சிறு விலங்கைச் சாக்லேட்டில் செய்கிறார்கள். எனவே ஆட்டுக்குட்டியைப் பாடமாக வையுங்கள், முயலைக் கதையாகச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சுடும் மெழுகு வேண்டாம். வெங்காயத் தோலே போதும். முட்டை மேல் ஒரு சின்ன இலையை ஒட்டி, மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தோலும் கொஞ்சம் வினிகரும் போட்டு அடுப்பில் வேகவைப்பது உங்கள் வேலை. ஆறியபின் பிள்ளைகளே கட்டை அவிழ்க்கட்டும்.