விஎஃப்டி போட்ட பிறகு பிரைன் டெம்பரேச்சர் குதிக்குது: தனி எர்த் பிட் வெட்டணுமா?

குளச்சல்_ஐஸ்:
ஐஸ் பிளாண்ட் பிரைன் (உப்புநீர்) டேங்கைக் கலக்குற அஜிடேட்டர் மோட்டார், 5 எச்பி, 415 வோல்ட். முன்னே சப்ளையை நேரா கொடுக்கிற டிஓஎல் ஸ்டார்ட்டர், இப்ப வேகத்தை மாத்துற விஎஃப்டி டிரைவ். பேனல்ல இருந்து மோட்டாருக்கு 35 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் 4 கோர் சாதா கேபிள். அதே டிரேயில்தான் பிடி100 டெம்பரேச்சர் சென்சாரோட மூணு வயரும் வருது. டிரைவ் நின்னா டிஸ்ப்ளே மைனஸ் 9-ல அசையாம நிக்கும். ஓட ஆரம்பிச்சா மைனஸ் 9-க்கும் மைனஸ் 4-க்கும் நடுவுல துள்ளுது. கேரியர் ஃப்ரீக்வென்சி (டிரைவ் வோல்டேஜை வெட்டுற வேகம்) 8 கிலோஹெர்ட்ஸ். கம்ப்ரஸர் கான்டாக்டர் விடும்போது பிஎல்சி (பிளாண்டை ஓட்டுற கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) இன்புட் ஒண்ணு சும்மாவே மின்னி அணையுது. டிரைவுக்கு மட்டும் தனியா ஒரு எர்த் பிட் வெட்டி, பழைய எர்த்தோட சேர்க்காம விடச் சொல்றாங்க. சரிதானா?

நாகர்கோவில்_பேனல்:
வேண்டாம் அண்ணே. பிட் வெட்டுற காசை கேபிளுக்கு வச்சுக்கோங்க.

டிரைவ்ல கிளம்புற மின் இரைச்சல் மண்ணுக்குள்ள போய் அடங்குற சாமான் இல்ல. அது கிளம்பின டிரைவுக்கே திரும்பி வரணும். உள்ளே டிசி பஸ் ஏறக்குறைய 590 வோல்ட். அதை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புது. ஒவ்வொரு வெட்டுலயும் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற கபாசிட்டன்ஸ் வழியா கொஞ்சம் கரண்ட் பாடிக்குத் தாவும். திரும்பிப் போக நேர்வழி கிடைக்கலைன்னா டிரே, டேங்க் தகடு, சென்சார் உறைன்னு எதுல வேணா ஏறும். உங்க டிஸ்ப்ளே துள்ளுறது அதனாலதான்.

எர்த் பிட் 1 ஓம் காட்டினாலும் இந்த வேலைக்கு உதவாது. நீளமான கம்பிக்கு மீட்டருக்கு 1 மைக்ரோஹென்றி வாக்கில் இண்டக்டன்ஸ் உண்டு. 30 மீட்டர் எர்த் கம்பி 1 மெகாஹெர்ட்ஸ்ல 190 ஓம் மாதிரி நிக்கும். குளச்சல் மணல்ல உப்புத் தண்ணி கையெட்டுற ஆழத்துல இருக்கு, பிட் ஓம் எப்படியும் குறைவாத்தான் காட்டும். ஜிஐ பைப் சீக்கிரம் அரிக்கும், அது வேற வழக்கு.

சேர்க்காம விட்ட தனி பிட்டுல ஆபத்தும் இருக்கு. டிரைவ் இன்புட் பக்கம் ஒரு ஃபேஸ் பாடியைத் தொட்டா கரண்ட் மண் வழியாத்தான் சுத்தி வரணும். ரெண்டு பிட்டும் தலா 2 ஓம்னு வச்சா 240-ஐ 4-ஆல வகுக்க 60 ஆம்பியர். 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி உடனே விழ குறைஞ்சது 80 வேணும். உடனே விழாது, அதுவரை பாடி உயிரோட நிக்கும். சித்திரை, ஐப்பசி இடியில ரெண்டு பிட்டுக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் பிஎல்சியைத் தின்னும். எத்தனை பிட் இருந்தாலும் ஒண்ணோட ஒண்ணு கட்டித்தான் ஆகணும்.

எதையும் வாங்குறதுக்கு முன்னே ஒரு சோதனை. கண்ட்ரோலர் டெர்மினல்ல பிடி100 வயரைக் கழட்டி, அந்த இடத்துல 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு மாட்டுங்க, மூணாவது டெர்மினலுக்கு ஜம்பர் போடுங்க. கம்ப்ரஸரை மேனுவல்ல வச்சுட்டுச் செய்யுங்க. டிஸ்ப்ளே 0 காட்டணும். டிரைவ் ஓடும்போதும் 0-லயே நின்னா இரைச்சல் வெளிக் கேபிள் வழியா வருது. அப்பவும் துள்ளினா பேனலுக்குள்ள வயரிங் அல்லது கண்ட்ரோலர் சப்ளை. அடுத்து கேரியரை 4-க்கு இறக்குங்க. மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், பரவாயில்ல.

குளச்சல்_ஐஸ்:
பார்த்தாச்சு. ரெசிஸ்டர் போட்டா 0-ல அசையல. கேரியரை 4 ஆக்கினதும் துள்ளல் பாதியாச்சு. சென்சார் வயரை டிரேயில இருந்து எடுத்து தரையில தள்ளிப் போட்டா கிட்டத்தட்ட இல்ல.

தக்கலை_வயரிங்:
அப்ப கேபிள்தான். மோட்டாருக்கு செம்புப் பின்னல் ஷீல்டு உள்ள 4 கோர் வாங்குங்க. ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணணும். நிறைய பேர் சறுக்குற இடம் இது: "ஷீல்டு ஒரு பக்கம் மட்டும்"ங்கறது சென்சார் கேபிளுக்கான விதி. அதை மோட்டார் கேபிளுக்கும் போட்டா இரைச்சலுக்குத் திரும்பும் வழியே அறுந்துபோகும், ஷீல்டு வாங்கின காசு வீண்.

ஷீல்டை முறுக்கி வால் மாதிரி இழுத்து லக் போடாதீங்க. 10 செ.மீ. வால் 100 நானோஹென்றி, பாதிப் பயனை அங்கேயே விட்டுடுவீங்க. வெளித்தோலை 3 செ.மீ. உரிச்சு, பின்னல் மேல சுத்தி வரக் கவ்வுற கிளாம்ப் போட்டு பேக் பிளேட்ல அழுத்துங்க. பிளேட்ல பெயின்ட் இருந்தா பளபளன்னு சுரண்டணும். மோட்டார் பக்கம் ஷீல்டைச் சுத்திக் கவ்வுற பித்தளை இஎம்சி கிளாண்ட் (கேபிள் நுழையுற இடத்துல போடுறது). டெர்மினல் பாக்ஸ் பிளாஸ்டிக்னா கிளாண்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல, மோட்டார் பாடியிலேயே கிளாம்ப் பண்ணுங்க. கேபிளோட எர்த் கோர் நேரா டிரைவ் எர்த் டெர்மினலுக்கு வரட்டும்.

சென்சாருக்கு முறுக்கின ஷீல்டு கேபிள், மோட்டார் கேபிள்ல இருந்து 30 செ.மீ. தள்ளி. தாண்டியே ஆகணும்னா குறுக்கே, 90 டிகிரியில. ஷீல்டு பேனல் பக்கம் மட்டும் எர்த், டேங்க் பக்கம் வெட்டி ஹீட் ஷ்ரிங்க். பிடி100 உறை டேங்கைத் தொட்டுட்டு இருக்கும், அங்கேயும் கட்டினா 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஷீல்டு வழியா ஓடும்.

இன்னொண்ணு, டிஓஎல் காலத்து பிஎஃப் (பவர் ஃபேக்டர்) கபாசிட்டர் மோட்டார்லயே தொங்குதான்னு பாருங்க. டிரைவ் அவுட்புட்ல கபாசிட்டர் இருந்தா டிரைவே போயிடும்.

தோவாளை_இன்ஸ்ட்ருமென்ட்:
தக்கலை அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, பித்தளை கிளாண்ட் மட்டும் வேண்டாம். அம்மோனியா பிளாண்ட் இது. அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தா பித்தளை வெடிச்சு விரியும், செம்பு அரிச்சுப் போகும், போதாக்குறைக்கு உப்புக்காத்து. கிளாண்டும் கிளாம்பும் ஸ்டெயின்லெஸ், பின்னல் டின் பூசின செம்பு. சுரண்டின இடத்துல இறுக்கி முடிச்சதும் பெட்ரோலியம் ஜெல்லி.

பிடி100 ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். 1 மில்லியாம்பியர் விட்டா 0.385 மில்லிவோல்ட். இத்தனை சின்ன சிக்னலை 35 மீட்டர் இழுக்கிறதைவிட சென்சார் தலையிலேயே அதைக் கரண்டா மாத்தி அனுப்புற 4-20 மில்லியாம்பியர் டிரான்ஸ்மிட்டர் வச்சிடலாம். தூசியும் தண்ணியும் புகாத ஐபி65 தலை, மூடி கேஸ்கெட் சரியா உட்காரணும். கண்ட்ரோலர் அந்த இன்புட் எடுக்குமான்னு முதல்ல பாருங்க.

பிஎல்சி மின்னுறது வேற சங்கதி, கான்டாக்டர் காயில் விடும்போது வர்ற ஸ்பைக். 230 வோல்ட் ஏசி காயிலுக்கு ஸ்னப்பர் போடுங்க: 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கபாசிட்டரும் சீரியஸ்ல, காயிலோட ஏ1, ஏ2 டெர்மினல் மேலேயே. பிஎல்சி பக்கம் வச்சா வயர் முழுக்க ஆன்டெனாதான். 24 வோல்ட் டிசி ரிலேக்கு 1என்4007 டையோடு தலைகீழா, கோடு போட்ட முனை பிளஸ்ல. ரிலே விட கொஞ்சம் தாமதமாகும்.

குளச்சல்_ஐஸ்:
கபாசிட்டர் மோட்டார் பக்கத்துலயே இருந்தது, கழட்டியாச்சு. கண்ட்ரோலர் 4-20 எடுக்கும். ஸ்னப்பர் இந்த வாரம் போடலாம், கேபிள் மாத்த டேங்கை நிறுத்தணுமே?

தக்கலை_வயரிங்:
ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்துல ஐஸ் தேவை குறையும், அப்ப மாத்துங்க. அதுவரை கேரியர் 4-லயே இருக்கட்டும், சென்சார் வயரை மட்டும் இன்னைக்கே தனி பிவிசி பைப்புக்கு மாத்திடுங்க.